கதவைச் சுமந்து அளந்தோம்

மாநகர மன்றத்தின் வரைபடத்தில்
நாங்கள் இருக்குமிடம் வெள்ளை.
கிள்ளான் ஆறு நீலம், ரயில் பாதை கறுப்பு.
நடுவே
அறுபத்து மூன்று தகரக் கூரைகளுக்கு
ஒரு சொட்டு மையும் செலவாகவில்லை.

அந்த வெள்ளையைத்தான் ஷி ஹுவா
எங்கள் முன் விரித்தாள்.
பல்கலைக்கழகத்துப் பெண், கட்டடக்கலை, கடைசி வருஷம்.
பறக்காமலிருக்க
மூலைக்கொரு மைலோ டின் வைத்தோம்.
வரைய வராதவர்கள்
பொருளை வைத்துச் சொல்லுங்கள் என்றாள், மலாயில்.

மூன்று லோரி குப்பையும்
செத்துப்போன புரோட்டோன் கார் ஒன்றும்
போன பிறகு கிடைத்த மண்.
அதில் செருப்பு என்றால் பெஞ்சு,
வாளி என்றால் குழாய்.
ரொஹானி அக்கா ஒரு சட்டியைக் கவிழ்த்தாள்:
நாசி லெமாக் கடையாம்.
பையன்கள் நான்கு ஹெல்மெட்டில்
மொத்த நிலத்தையும் கோல் கம்பமாக்கிக்கொண்டார்கள்.

மரத்தடிச் செருப்பைக் காலால் எத்தினாள் புஷ்பலீலா.
"இங்க பெஞ்சு போட்டா
சம்சு குடிக்கிறவனுக்கு நாற்காலி போட்ட மாதிரி.
என் சன்னலுக்கு நேரா வை.
எவன் உட்கார்றான்னு நான் பார்க்கணும்."

நான் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை.
சந்து மடங்கும் மூலையில்
என் டார்ச் லைட்டை வைக்கப் போனேன்.
அங்கே முன்பே ஒரு கைப்பேசி
வெளிச்சத்தைப் போட்டபடி கிடந்தது.
ஷபியுலுடையது.
சம்பள நாளில் அவனை அடித்துப் பிடுங்கிய மூலை அது.
என் பின்னால் ஒருவன் நடந்துவந்த மூலையும் அதுதான்.
இருவரும் பேசிக்கொள்ளவில்லை.
என்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தேன்.

தனேஸ்வரி மட்டும் எதையும் வைக்கவில்லை.
"திரும்ப இடம் விடுங்க" என்றாள்.
எது திரும்ப என்று ஷி ஹுவா கேட்டாள்.
எங்களுக்குத் தெரியும்.

போன மழைக்காலம்
அவள் புருஷன் குணாளனின் பெட்டி
மூன்றாவது வீட்டு மூலையில் திரும்பவில்லை.
நிமிர்த்திவிட்டார்கள்.
சோற்று வரிசையில் நிற்பவன் போல
நின்றபடியே போனான்.
உள்ளே அவன் சரிந்த சத்தத்தைப் பற்றி
அவள் யாரிடமும் சொன்னதில்லை.
எனக்குக் கேட்டது.

மரியதாஸ் எழுந்து போய்
தன் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்தான்.
நாலு பேர் தோள் கொடுத்தார்கள்.
கதவின் மேல் ஜெஸ்லின், ஆறு வயசு,
கெக்கலித்தபடி படுத்திருந்தாள்.
"கண்ண மூடு, பொணம் சிரிக்காது!"
மூடிக்கொண்டு சிரித்தாள்.
அவர்கள் மெல்ல, மெல்லத் திரும்ப
கால்கள் போன இடமெல்லாம்
சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்துக்கொண்டே போனேன்.

பிறகு அளவு நாடா.
ஒரு முனை ஷி ஹுவாவிடம், மறுமுனை என்னிடம்.
மூன்று மீட்டர் நாற்பது.
இதற்குள் பெஞ்சு வராது, மரம் வராது, கடை வராது.
எழுதிக்கொண்டாள்.
பெயர் என்ன போட?
"வளைவுன்னு போடு, போதும்."

ஏழு ஞாயிற்றுக்கிழமை சிமெண்டு குழைத்தோம்.
காசு தீர்ந்ததில்
கோலுக்கு ஒரு பக்கம்தான் கம்பம்,
மறுபக்கம் இன்னும் ஹெல்மெட்.
ஷபியுல் வேலை செய்யும் கொண்டோவில்
உடைந்து மிஞ்சிய ஓடுகளை அவன் கொண்டுவந்து பதித்தான்;
ஒன்றோடொன்று நிறம் சேராது.
மரியதாஸின் கதவு அதன் பின் சரியாகச் சாத்தவில்லை.

பத்து மாதமாயிற்று.
இன்னும் யாரும் சாகவில்லை.
தொழிற்சாலை பஸ் உள்ளேயே வந்து
அந்த வளைவில் திரும்புகிறது.
விடிகாலை ஐந்தரைக்கு
விளக்கடியில் இறங்குகிறேன்.

நேற்று மன்றத்திலிருந்து ஒருவர் வந்தார்.
தனியாக, கையில் நாடா.
அவர் வைத்திருந்த படத்தில்
நாங்கள் இப்போதும் வெள்ளைதான்.
மறுமுனையைப் பிடிக்க ஆளின்றி
சுற்றிப் பார்த்தார்.
போய்ப் பிடித்தேன்.

"மூன்று நாற்பது. ஏன் இத்தனை அகலம்?"

எதற்காக அளக்கிறார் என்று
அவரும் சொல்லவில்லை.
நாடாவை விறைப்பாக இழுத்துப் பிடித்தேன்,
தொய்ந்தால்
அளவு தப்பும்.